கொள்ளை நோய் யார் செயல்?

(சுயமரியாதைச் சங்கக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், கொரோனா என்னும் கொள்ளை நோய் எங்கிருந்து பிறந்தது, அதற்கு ஜவாப்தாரி யார் என்பதாகும். நோய் வந்து போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதைப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். செத்தவர்களை எரித்தும் புதைத்தும் ஆய்விட்டது, பிழைத்தவர்கள் தங்கள் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள், இனி விசாரணை எதற்கு என்றும் கேட்கலாம். ஒரு வீட்டில் செம்பு திருட்டுப் போனால் போலீசுக்குப் போகிறோம். கடைக் கணக்கில் பத்து ரூபாய் உதைத்தால் இரவெல்லாம் கண் விழித்து ஏட்டைப் புரட்டுகிறோம். 2020, 2021 ஆகிய இரண்டே வருஷங்களில், வழக்கமாகச் சாகக்கூடியவர்களுக்கு மேல் 1 கோடியே 49 லட்சம் பேர் உலகத்தில் செத்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ம் வருஷம் மே மாதத்தில் கணக்குக் கொடுத்திருக்கிறது. செம்புக்கும் பத்து ரூபாய்க்கும் கணக்குக் கேட்கிற மனிதன், இத்தனை உயிருக்குக் கணக்குக் கேட்காமலிருப்பது புத்திசாலித்தனமாகுமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்த நோய் யார் செயல் என்று கேட்டால் உலகத்தில் இரண்டு விதமான ஜவாப்புகள் உடனே கிடைக்கின்றன. ஒன்று, "கடவுள் செயல்" என்பது. மற்றொன்று, "அந்நியன் செயல்" என்பது. இந்த இரண்டு ஜவாப்புகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவைபோல் தோன்றினாலும் இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. அதாவது, ஆளுகிறவனை விசாரணைக் கூண்டிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பி விடுகின்றன. இதை விளக்குவதே இன்றைய நமது வேலையாகும்.

முதலில் கடவுள் செயல் என்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் பெரியம்மை வந்தால் மாரியாத்தாள் வந்து விளையாடுகிறாள் என்றார்கள். வேப்பிலை கட்டினார்கள், கூழ் ஊற்றினார்கள், தீ மிதித்தார்கள். பல நூறு வருஷம் கூழ் குடித்தும் ஆத்தாள் போகவில்லை. அம்மைப்பால் குத்த ஆரம்பித்து, ஊர் ஊராய், வீடு வீடாய்த் தேடித் தேடிக் குத்திய பிறகு 1975-ம் வருஷத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதாரச் சபையார் பிரகடனம் செய்தார்கள். ஆத்தாள் ஊசிக்குப் பயந்து ஓடினாள் என்று எந்தப் பூசாரியும் ஒப்புக்கொள்ளவில்லை. இவ்வளவுக்குப் பிறகாவது புத்தி வந்ததா என்றால், 2021-ம் வருஷம் மே மாதத்தில் கோயமுத்தூருக்கு அருகில் "கொரோனா தேவி" என்று கருங்கல்லில் ஒரு சிலை செய்து பூசை போட்டார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2020 மார்ச்சு மாதத்தில், டில்லியில் ஒரு கூட்டத்தார் பந்தல் போட்டுக் கோமூத்திரம் குடித்து நோயை விரட்டினார்கள். விரட்டப்பட்ட நோய் எங்கும் போகவில்லை என்பதைப் பிறகு கண்டோம்.

பாமர மக்கள் அப்படிச் செய்தால் அவர்களுக்குப் படிப்பு இல்லை என்று சொல்லலாம். ஆனால் 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி, மாநிலங்களுக்குக் கொடுக்க வேண்டிய வரிப் பாக்கிப் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மத்திய நிதி மந்திரியாரே இந்த நோயைக் "கடவுள் செயல்" என்று சொன்னார். தோழர்களே, இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். கடனைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் கடவுள் வந்தார். நோய்க்குக் கடவுள் ஜவாப்தாரி என்று வைத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாததற்கும், கையில் காசு இல்லாததற்கும் அவரே ஜவாப்தாரியாகிவிடுகிறார். அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அடுத்த தேர்தலில் அவருக்கு ஓட்டுப் போடாமலும் இருக்க முடியாது. ஆளுகிறவர்களுக்கு இதைவிட வசதியான குற்றவாளி வேறு யார் கிடைப்பார்?

இனி, இந்த நோயின் உண்மையான பிறப்பைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். நோய் முதலில் தெரிய வந்த இடம் சீன தேசத்திலுள்ள வூஹான் என்னும் பட்டணமாகும். அது ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள பெரிய பட்டணம். 2019-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி, காரணம் தெரியாத நுரையீரல் ஜுரம் 27 பேருக்குக் கண்டிருப்பதாக அந்தப் பட்டணத்துச் சுகாதார அதிகாரிகள் அறிவித்தார்கள். மறுநாளே ஹுவானான் என்னும் சந்தையை மூடினார்கள். மீன், இறைச்சியோடு உயிருள்ள காட்டு விலங்குகளும் விற்ற சந்தை அது.

இதில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சியார், வௌவாலிடமிருந்த கிருமி வேறொரு காட்டு விலங்குக்குத் தொற்றி, அந்த விலங்கு சந்தைக்கு வந்து, அங்கே மனிதனுக்குத் தாவியது என்கிறார்கள். மற்றொரு கட்சியார், அதே வூஹான் பட்டணத்தில் வௌவால் கிருமிகளைச் சேகரித்து ஆராய்ச்சி செய்யும் பெரிய ஆராய்ச்சிசாலை இருக்கிறது, அங்கிருந்து தவறித்தான் வெளிவந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இரு கட்சிக்கும் என்ன ருஜு என்று பார்ப்போம்.

சந்தைக் கட்சியின் ருஜு இது. 2019 டிசம்பரில் நோய் கண்டவர்களின் வீடுகளைப் படத்தில் குறித்துப் பார்த்தால், சந்தைக்கே போகாத நோயாளிகளின் வீடுகள்கூட அந்தச் சந்தையைச் சுற்றியே நெருங்கிக் கிடக்கின்றன என்று 2022-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சந்தையை மூடிய பிறகு தரையிலும் வண்டியிலும் கூண்டிலும் துடைத்தெடுத்த மாதிரிகளில், கிருமியின் அடையாளமும் ரக்கூன் நாய் முதலிய விலங்குகளின் அடையாளமும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன. ரக்கூன் நாய் இவ்விதக் கிருமிக்கு இடங்கொடுக்கக் கூடிய விலங்கு. ஆனால் குறையும் உண்டு. நோய் பிடித்த விலங்கு ஒன்றுகூடக் கையில் அகப்படவில்லை. மாதிரி எடுக்க ஆட்கள் போவதற்குள் உயிருள்ள காட்டு விலங்குகள் சந்தையை விட்டுப் போய்விட்டன.

ஆராய்ச்சிசாலைக் கட்சியின் ருஜு இது. இந்தக் கிருமிக்கு நெருங்கிய உறவான வௌவால் கிருமி யுன்னான் மாகாணத்துச் சுரங்கமொன்றில் எடுக்கப்பட்டு வூஹான் ஆராய்ச்சிசாலையில் இருந்தது. யுன்னான் அங்கிருந்து ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் தூரம். அந்தச் சாலையார் வெளியாருக்குத் திறந்து வைத்திருந்த கிருமிக் கணக்கு 2019 செப்டம்பரில் மூடப்பட்டது. யாரோ திருட முயன்றதால் மூடினோம் என்கிறார்கள். கிருமிகளின் உறுப்பை மாற்றிப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு 2018-ல் அமெரிக்காவில் ஒரு மனுப் போடப்பட்டு, அது தள்ளப்பட்டது. அந்த மனுவில் வூஹான் சாலைக்கும் பங்கு இருந்தது. இவையெல்லாம் சந்தேகத்துக்கு இடமளிப்பவைதான். ஆனால் இங்கும் குறை உண்டு. சாலையிலிருந்ததாகத் தெரிகிற அந்த உறவுக் கிருமி நூற்றுக்குத் 96 பங்குதான் ஒத்திருக்கிறது. கிருமிகளின் கணக்கில் மீதி 4 பங்கு என்பது பல பத்து வருஷ தூரமாகும். ஆகவே அது இதற்குத் தாயல்ல. தாயான கிருமி அந்தச் சாலையில் இருந்தது என்பதற்கு இதுவரை ருஜு வெளிவரவில்லை.

இரண்டில் எதுவும் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் இரண்டும் முன்பு நடந்திருக்கின்றன. 2002-ம் வருஷக் கடைசியில் இதே சீன தேசத்தில் குவாங்டாங் மாகாணத்தில் சார்ஸ் என்னும் நோய் பிறந்து 8096 பேரைப் பிடித்து 774 பேரைக் கொன்றது. அது சந்தையில் விற்ற புனுகுப் பூனை முதலிய விலங்குகள் மூலம் மனிதனுக்கு வந்தது. அந்தக் கிருமியின் உறவுகளும் பிற்பாடு தூரத்து யுன்னான் குகையில்தான் அகப்பட்டன. ஆகவே வெகு தூரம் என்பது ஒன்றை மட்டும் வைத்துச் சந்தைக் கட்சியைத் தள்ளிவிட முடியாது. அதே சார்ஸ் கிருமி 2004-ல் பீகிங் ஆராய்ச்சிசாலையிலிருந்து தவறி வெளிவந்து 9 பேருக்கு நோய் உண்டாக்கி, ஒருவரைக் கொன்றது. நாம் முன்பு சொன்ன பெரியம்மையாலும் உலகத்தில் கடைசியாக ஒரு உயிர் போனது 1978-ல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில். அது ஆராய்ச்சிசாலையில் வைத்திருந்த கிருமியினால் வந்த சாவு. ஆகவே ஆராய்ச்சிசாலைக் கட்சியையும் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

பின்னே எதைத்தான் நம்புவது என்று கேட்பீர்கள். உலக சுகாதார ஸ்தாபனம் நியமித்த ஆராய்ச்சிக் குழுவார் 2025-ம் வருஷம் ஜூன் மாதம் 27-ந் தேதி வெளியிட்ட அறிக்கையில், கிடைத்திருக்கும் ருஜுக்களின் பாரம் விலங்கிலிருந்து தாவியது என்னும் பக்கமே சாய்கிறது என்றும், ஆனால் கேட்ட தஸ்தாவேஜுகளைச் சீன அரசாங்கம் கொடுக்காததால் ஆராய்ச்சிசாலை வாதத்தைச் சோதித்துப் பார்க்கவோ தள்ளவோ முடியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது என்ன? முதல் நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளின் விவரம், சந்தையில் விற்ற விலங்குகளின் விவரம், வூஹான் ஆராய்ச்சிசாலைகளில் நடந்த வேலையின் விவரம் இவைதான். இவை கொடுக்கப்படவில்லை. நமது அபிப்பிராயமும் இதுவேயாகும். ருஜு எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்கே நம்ப வேண்டும். சந்தைப் பக்கம் ருஜு அதிகம், ஆனால் வழக்கு முடியவில்லை. இப்படிச் சொல்லுவது கோழைத்தனமல்ல. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன்தான் கடைசியில் ஜோசியனிடம் போகிறான்.

ஆனால் தோழர்களே, ஒரு விஷயம். பிறப்பு வழக்கு முடியவில்லை என்பதால் ஜவாப்தாரி வழக்கும் முடியவில்லை என்று அர்த்தமாகாது. இதைத்தான் ஜனங்கள் குழப்பிக்கொள்ளுகிறார்கள். ஒரு தெருவில் தீப்பிடித்தது என்று வையுங்கள். தீ அடுப்பிலிருந்து வந்ததா, விளக்கிலிருந்து வந்ததா என்பது ஒரு விசாரணை. தீயைக் கண்டு கூச்சலிட்டவன் வாயைப் பொத்தியவன் யார், கிணற்றைப் பூட்டி வைத்தவன் யார் என்பது வேறு விசாரணை. முதல் விசாரணைக்கு விடை கிடைக்காமல் போனாலும் இரண்டாவதற்கு விடை தெருவே அறியும்.

சீனாவில் கூச்சலிட்டவன் யார்? லீ வென்லியாங் என்னும் கண் வைத்தியர். 2019 டிசம்பர் 30-ந் தேதி அவர் தம்மோடு படித்த வைத்தியர்களுக்கு, சார்ஸ் மாதிரி ஒரு நோய் வந்திருக்கிறது, எச்சரிக்கையாயிருங்கள் என்று செய்தி அனுப்பினார். 2020 ஜனவரி 3-ந் தேதி போலீசார் அவரைக் கூப்பிட்டு, பொய்ச் செய்தி பரப்பினேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். அவர் அதே நோய் கண்டு பிப்ரவரி 7-ந் தேதி செத்துப் போனார். அதற்குப் பிறகு மார்ச்சு மாதத்தில் போலீசார் அந்தக் கையெழுத்தை ரத்துச் செய்து மன்னிப்புக் கேட்டார்கள். யாரிடம் மன்னிப்பு? செத்தவரின் குடும்பத்தாரிடம்.

கிருமியின் முழு அமைப்பையும் ஷாங்காய் ஆராய்ச்சியாளர் ஜாங் யோங்ஜென் கண்டுபிடித்து, 2020 ஜனவரி 11-ந் தேதி ஆஸ்திரேலிய நண்பர் மூலம் உலகத்துக்கு வெளியிட்டார். சோதனைக் கருவியும் தடுப்பூசியும் செய்வதற்கு உலகம் காத்திருந்த சங்கதி அது. மறுநாள் அவருடைய ஆராய்ச்சிசாலையை "சீர்திருத்தம்" செய்ய வேண்டுமென்று அதிகாரிகள் மூடினார்கள். மனிதனிடமிருந்து மனிதனுக்கு நோய் தொற்றுகிறது என்பதை ஜனவரி 20-ந் தேதிதான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். 23-ந் தேதி வூஹானைப் பூட்டினார்கள். அதற்குள் சீனப் புது வருஷப் பண்டிகைக்காக லட்சக்கணக்கான ஜனங்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அரசாங்கம் மறைக்கிறது, ஆகையால் ஆராய்ச்சிசாலைதான் குற்றவாளி என்று சிலர் தீர்ப்புச் சொல்லுகிறார்கள். அது பகுத்தறிவாகாது. சந்தையானாலும் அந்த அரசாங்கத்துக்கு மறைக்கக் காரணம் உண்டு. சார்ஸ் வந்தபோது காட்டு விலங்கு வியாபாரத்தைத் தடுத்துவிட்டுச் சில மாதத்திலேயே தளர்த்தியவர்கள் அவர்களே. காட்டு விலங்குப் பண்ணைகளைக் கிராமத்து வறுமைக்கு மருந்து என்று வளர்த்தவர்களும் அவர்களே. வூஹான் சந்தைகளில் 2017 மே முதல் 2019 நவம்பர் வரை 38 ஜாதியைச் சேர்ந்த 47,381 விலங்குகள் விற்பனையானதைச் சில ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து 2021 ஜூனில் வெளியிட்டார்கள். ஆனால் அதே வருஷம் மார்ச்சில் வந்த, சீனரும் உலக சுகாதார ஸ்தாபனத்தாரும் சேர்ந்து எழுதிய அறிக்கையில், உயிருள்ள பாலூட்டி விலங்குகள் விற்றதற்கு நிச்சயமான தகவல் கிடைக்கவில்லை என்று இருக்கிறது! ஆகவே சந்தையில் பிறந்திருந்தால் சந்தைக்கு அனுமதி கொடுத்த அரசாங்கம் ஜவாப்தாரி. சாலையில் பிறந்திருந்தால் சாலையை நடத்திய அரசாங்கம் ஜவாப்தாரி. எந்தக் கட்சி ஜெயித்தாலும் கூண்டில் நிற்கிற ஆள் மாறவில்லை.

இதனால் சீன ஜனங்கள் குற்றவாளிகளா? ஒருபோதும் இல்லை. முதலில் செத்தவர்களும் முதலில் எச்சரித்தவர்களும் அவர்களே. இங்கேதான் "அந்நியன் செயல்" என்னும் இரண்டாவது பித்தலாட்டம் வருகிறது. அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த டிரம்ப் இதற்குச் "சீனக் கிருமி" என்று பெயர் வைத்தார். உடனே அமெரிக்காவில் சீன முகமுள்ளவர்களெல்லாம் தெருவில் வசவும் அடியும் வாங்கினார்கள். நம் நாட்டிலும் மணிப்பூர், நாகாலாந்து முதலிய இடங்களிலிருந்து பிழைக்க வந்த நம் சகோதரர்களைப் பார்த்துக் "கொரோனா" என்று கத்தினார்கள். சீன அரசாங்கமோ, வெளிநாட்டிலிருந்து வந்த உறைந்த மீனில் வந்திருக்கலாம் என்றது. 2025 ஏப்ரலில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் அமெரிக்காவில் பிறந்திருக்கலாம் என்றது. அதே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் வூஹான் சாலையில்தான் பிறந்தது என்று தன் பெயரில் பிரசுரம் போட்டது. ஆனால் அமெரிக்காவின் ஒற்றர் இலாகாக்களே தங்களுக்குள் ஒத்துப் போகவில்லை. சில சாலை என்கின்றன, சில விலங்கு என்கின்றன. 2025 ஜனவரியில் சாலைப் பக்கம் வந்த சி.ஐ.ஏ.கூடத் தனக்கு இதில் குறைந்த நம்பிக்கையே உண்டு என்று சொல்லிக்கொண்டது. இதற்கு நடுவில், வூஹான் சாலையின் வௌவால் ஆராய்ச்சிக்கு அமெரிக்க அரசாங்கத்தின் பணமும் ஒரு பகுதி போயிருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அந்நியன்மேல் விரல் நீட்டுகிற ஒவ்வொரு அரசாங்கமும் தன் வீட்டில் என்ன செய்தது? 2020 ஜனவரி 30-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் சர்வதேச அபாய அறிவிப்புக் கொடுத்தது. அன்றைக்கே நம் நாட்டில் முதல் நோயாளி கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். அவர் வூஹானிலிருந்து வந்த மாணவி. அதற்கப்புறம் பிப்ரவரி மாதம் முழுவதையும் உலகத்தின் பெரும்பாலான அரசாங்கங்கள் சும்மா கழித்தன என்று, விசாரணைக்காக அமைந்த சுயேச்சையான குழு 2021 மே மாதத்தில் சொல்லிற்று. நம் நாட்டில் பிப்ரவரி 24-ந் தேதி ஆமதாபாத் நகரத்தில் அதே டிரம்ப்புக்குப் பெருங்கூட்டம் கூட்டி வரவேற்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சீனா மறைத்தது ஜனவரி 20 வரை. அதற்குப் பிறகு மறைந்திருந்தது என்ன? எல்லாரும் பார்க்க ஊர் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு மார்ச்சு 22-ந் தேதி தட்டையும் மணியையும் தட்டச் சொன்னார்கள். 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பேசி, நடு இரவிலிருந்து தேசத்தையே பூட்டினார்கள். 130 கோடிக்கு மேல் ஜனங்களுள்ள நாட்டுக்கு நான்கு மணி நேர நோட்டீசு! கூலி வேலைக்குப் பட்டணம் வந்திருந்தவர்கள் கூலியும் இல்லாமல் ரயிலும் இல்லாமல் தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். வழியில் செத்தார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்று பார்லிமெண்டில் கேட்டதற்கு, அப்படிக் கணக்கு வைத்திருக்கவில்லை என்று 2020 செப்டம்பரில் அரசாங்கம் ஜவாப்புச் சொல்லிற்று. ஏப்ரல் 5-ந் தேதி விளக்கேற்றச் சொன்னவர்கள், ஒன்பது நிமிஷம் என்று அதற்குக் கணக்கு வைத்திருந்தார்கள்.

"அந்நியன்" உள்ளூரிலும் கண்டுபிடிக்கப்பட்டான். டில்லியில் நடந்த தப்லீக் மாநாட்டைக் காட்டி, நோயைப் பரப்புகிறவர்கள் முஸ்லிம்கள் என்று பத்திரிகைகளும் கட்சிக்காரர்களும் கூச்சல் போட்டார்கள். அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டார்மேல் போட்ட வழக்குகளைப் பம்பாய் ஹைக்கோர்ட்டின் அவுரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டில் ரத்துச் செய்து, அவர்களைப் பலியாடுகளாக்கினார்கள் என்று எழுதிற்று. ஆனால் 2021 ஏப்ரலில், இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருக்கும்போது, ஹரித்துவாரத்தில் கும்பமேளா என்று லட்சக்கணக்கானவர்கள் ஒரே ஆற்றில் முழுக அனுமதித்தார்கள். கும்பல் கூடினால் நோய் பரவும் என்பது உண்மையானால் அது எல்லாக் கும்பலுக்கும் உண்மைதானே? கிருமி ஜாதி மதம் பார்த்துத் தொற்றுவதில்லை. அரசாங்கம்தான் பார்த்துக் குற்றஞ்சாட்டிற்று.

அந்த ஏப்ரல், மே மாதங்களில் பிராணவாயுவுக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் தவித்ததை நாம் எல்லோரும் அறிவோம். ஜூலை மாதத்தில் பார்லிமெண்டில் கேட்டபோது, பிராணவாயு இல்லாமல் செத்ததாக மாநிலங்கள் தனியாக ஒன்றும் தெரிவிக்கவில்லை என்று மந்திரி சொன்னார். செத்தவர்கள் கணக்கும் இப்படியே. 2020, 2021 இரண்டு வருஷத்துக்கும் நம் அரசாங்கத்தின் கணக்குச் சுமார் 4 லட்சத்து 81 ஆயிரம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு சுமார் 47 லட்சம். கணக்குப் போட்ட முறை தப்பு என்று நம் அரசாங்கம் சண்டைக்குப் போயிற்று. சரி, அந்நியன் கணக்கு வேண்டாம். நம் அரசாங்கமே 2025 மே மாதத்தில் வெளியிட்ட மரணப் பதிவுக் கணக்கைப் பாருங்கள். 2020-ல் பதிவான மரணம் சுமார் 81 லட்சம், 2021-ல் சுமார் 1 கோடியே 2 லட்சம். ஒரே வருஷத்தில் சுமார் 21 லட்சம் கூடியிருக்கிறது. பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். அதைக் கழித்தாலும் 2021-க்குக் கொரோனாவால் செத்ததாக அறிவித்த மூன்று லட்சத்துச் சொச்சம் எங்கே, இது எங்கே? சீன அரசாங்கம் பிறப்பை மறைத்தது என்றால் நம் அரசாங்கம் இறப்பை மறைத்தது என்று சொல்லுவதில் என்ன தப்பு இருக்கிறது?

சட்டத்தின் யோக்கியதையையும் பாருங்கள். 2020-ல் நம்மை அடைத்து வைக்க எடுத்த சட்டங்களில் ஒன்று, பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்கார சர்க்கார் 1897-ல் செய்த கொள்ளை நோய்ச் சட்டம். ஜனங்களை என்னென்ன செய்யலாம் என்று அதில் அதிகாரம் இருக்கிறது. ஜனங்களுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் கடமை இல்லை. நல்லெண்ணத்தோடு செய்த எதற்கும் அதிகாரிகள்மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்நிய ஆட்சி போட்ட சட்டம், சொந்த ஆட்சிக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது!

இதையெல்லாம் விசாரிப்பது தேசத் துரோகம் என்பார்கள். பிரிட்டனில் என்ன செய்தார்கள்? நோய்க் காலத்து நிர்வாகத்தை விசாரிக்க ஒரு மன்றம் வைத்து, பிரதம மந்திரியாயிருந்தவரையே பொதுவில் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார்கள். அந்த மன்றத்தார் 2025 நவம்பரில் கொடுத்த அறிக்கையில், அரசாங்கம் செய்தது கொஞ்சம், அதுவும் காலங்கடந்து என்றும், ஒரு வாரம் முந்தி ஊரடங்கு போட்டிருந்தால் முதல் அலையில் இங்கிலாந்தில் மட்டும் சுமார் 23,000 உயிர் தப்பியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இதனால் பிரிட்டன் கவிழ்ந்துவிடவில்லை. நமது மத்திய அரசாங்கம் அப்படி ஒரு பொது விசாரணை மன்றம் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி நாமும் உரக்கக் கேட்கவில்லை. அதுவே நமது குற்றமாகும்.

ரஷ்யாவில் 1979-ல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரத்தில் ராணுவச் சாலையிலிருந்து ஆந்திராக்ஸ் கிருமி காற்றில் கலந்து குறைந்தது 66 பேர் செத்தார்கள். கெட்ட இறைச்சி தின்று செத்தார்கள் என்று அரசாங்கம் சாதித்தது. பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு, 1992-ல், ஆட்சி மாறிய பின்புதான் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். ஆகவே கொரோனாவின் பிறப்பும் என்றைக்காவது வெளிவரலாம், வராமலும் போகலாம். அதுவரையில் நாம் கை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இப்போதே கேட்க வேண்டியவை இருக்கின்றன.

முதலாவது, உயிருள்ள காட்டு விலங்கு வியாபாரத்தையும், கிருமி ஆராய்ச்சிசாலைகளையும், இரண்டில் எது குற்றவாளி என்று தீர்ப்பு வரும்வரை காத்திராமல், இரண்டையுமே வெளியார் பார்வைக்கும் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும். இரண்டாவது, நோய் வந்திருக்கிறது என்று சொல்லுகிற வைத்தியரை எந்தப் போலீசும் தொடக்கூடாது. மூன்றாவது, செத்தவர்களின் உண்மையான எண்ணிக்கையை வெளியிட வேண்டும். எண்ணப்படாத சாவுக்கு உதவிப் பணமும் கிடையாது, படிப்பினையும் கிடையாது. நான்காவது, நம் நாட்டிலும் பொது விசாரணை நடக்க வேண்டும்.

தோழர்களே! அடுத்த கொள்ளை நோய் வருமா என்பதல்ல கேள்வி, என்றைக்கு என்பதே கேள்வி. அது வந்த அன்றைக்கும் ஒருவர் கடவுள் செயல் என்பார், இன்னொருவர் அந்நியன் செயல் என்பார். அப்போது உங்கள் வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலில் மூச்சுக்குத் தவிக்கும்போது, கடவுளும் வரமாட்டார், அந்நியனும் வரமாட்டான். நாம் கொடுத்த வரிப் பணத்தில் என்ன தயாராக வைத்திருந்தார்களோ அதுதான் வரும். ஆகையால் நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், வீட்டுக்குப் போய், உங்கள் தெருவில் அந்த இரண்டு வருஷத்தில் செத்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் சர்க்கார் கணக்கில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை எந்தப் பிரசங்கத்தைவிடவும் அதிகமாக உங்களுக்குச் சொல்லும்.